வினோலியா போட்ட ஊசி

என் தம்பி பெண்டாட்டி வினோலியாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வாய் வராது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள். கெட்டிக்காரி, வாயாடி, என்னைவிட நிறம். போதுமா?

தம்பி கிங்ஸ்டன் விளாத்திகுளம் மினிபஸ்ஸில் கண்டக்டர். சின்ன வயதிலேயே அவனுக்குச் சர்க்கரை. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து இன்சுலின் ஊசி போட்டுவிட்டவள் நான்தான். கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போன பிறகும் காலையும் மாலையும் என் வீட்டுக்கு வந்து சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அவன் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. மருந்து என் பிரிட்ஜில் இருந்தது.

வினோலியாவுக்கு அது பொறுக்கவில்லை. சித்திரை மாதம் ஒருநாள் வந்து பிரிட்ஜைத் திறந்தாள்.

“எம் புருசனுக்கு நானே ஊசி போட்டுக்கிடுதேன் மைனி. அவிய எதுக்கு ஒங்க வாசல்ல வந்து நிக்கணும்?”

“கொண்டு போ. ஒம் புருசன், ஒன் ஊசி,” என்றேன். அவள் வாசலைத் தாண்டுமுன் பிரிட்ஜ் கதவை அடித்துச் சாத்தினேன்.

கரிசக்காட்டு வெயில். குப்பிகளைத் தகரக் கூரைக்குக் கீழே, அலமாரியின் மேல்தட்டில், மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வேளை தவறாமல் போட்டாள். தம்பி என் வீட்டுப் பக்கமே வரவில்லை. தெருவில் பார்த்தபோது இளைத்துப்போயிருந்தான். “பஸ்ல அலைச்சல்க்கா” என்றான். பெண்டாட்டி சமையல் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் வினோலியா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். “மைனி, அவியளுக்கு நெஞ்சு என்னமோ செய்யுதாம். வாந்தி வாந்தியா எடுக்குதாவ!”

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த டாக்டரம்மா முதலில் ஹார்ட் அட்டாக்கோ என்றுதான் பயந்தார். பிறகு சர்க்கரையைப் பார்த்தார். அறுநூறைத் தாண்டியிருந்தது.

“ஊசி போடலையா?”

வினோலியா குப்பியை நீட்டினாள். எங்கே வைத்திருந்தாள் என்று கேட்டதும் டாக்டரம்மா முகம் மாறியது. “இவ்வளவு சூட்டுல மருந்து செத்துப்போயிருக்கும்மா. இன்சுலின் இல்லாம சர்க்கரை ஏறி, ரத்தத்துல பொட்டாசியமும் ஏறிருச்சு. இதயத்தத் துடிக்க வைக்கிற மின்சாரத்தயே அது கெடுத்திருக்கு. அடைப்பு இல்ல. ஆனா இப்படியே விட்டா துடிப்பு நின்னுரும்.”

“பச்சத் தண்ணியையா குத்திக்கிட்டு இருந்தேன்!” என்று வினோலியா தலையில் அடித்துக்கொண்டாள். நானும் அழுதேன். பொய் சொல்வானேன், அந்த அழுகையிலும் ‘என் கையில் இருந்திருந்தால் இப்படி ஆகுமா’ என்று ஒரு கர்வம் எட்டிப் பார்த்தது.

புது இன்சுலினும் சலைனும் ஏற ஏற, மானிட்டரில் கோணல்மாணலாக ஓடிய கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்குக்கு வந்தது. தம்பி பிழைத்தான்.

“மருந்து இனி ஒங்க பிரிட்ஜுலயே இருக்கட்டும் மைனி. ஊசியும் நீங்களே போடுங்க,” என்றாள் வினோலியா.

ஜெயித்துவிட்டேன்! அவன் வீடு திரும்பிய அன்று சிரிஞ்சில் மருந்தை ஏற்றிக்கொண்டு பக்கத்தில் போனேன். அவன் சட்டையைத் தூக்கவில்லை.

“கோவிச்சுக்கிடாதக்கா. அவளே போடட்டும். அவ போட்டா வலிக்கல.”

“செத்த மருந்து எப்படிலே வலிக்கும்?”

“குத்துறது ஊசிதானக்கா,” என்று சிரித்தான்.

இப்போது மருந்து என் பிரிட்ஜில்தான் இருக்கிறது. காலையும் மாலையும் வினோலியா வந்து எடுத்துப் போகிறாள், போட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறாள். தம்பி வருவதில்லை.