அவிட்டம் இரண்டு வந்த மாதம்

புதுக் காலண்டர் வீட்டுக்கு வந்தால் ஆணியில் மாட்டுவதற்கு முன்பே எங்கள் அச்சன் மிதுன மாதத்தைப் புரட்டிப் பார்ப்பார். அவிட்டம் ஒரு தடவைதான் வருகிறது என்றால் முகம் தொங்கிப்போகும். இரண்டு தடவை வந்துவிட்டால் அன்று முழுக்க ஒரே சீழ்க்கைதான்.

அச்சன் என்றால் அப்பா. பெயர் சுகதன். ஆலப்புழைக் காயலில் பயணிகள் படகு ஓட்டினார். அவர் பிறந்தது மிதுன மாதத்து, அதாவது ஆனி மாதத்து, அவிட்ட நட்சத்திரத்தில். பொழுது சாய்வதற்குள் அவரைப் பெற்றவள் கண்ணை மூடிவிட்டாள். எங்கள் பக்கம் பிறந்தநாளும் நட்சத்திரம் பார்த்துத்தான், திவசமும் நட்சத்திரம் பார்த்துத்தான். அதனால் வருஷா வருஷம் திவசம் வந்து அச்சனின் பிறந்தநாளைத் தின்றுவிடும். காலையில் ஆற்றில் எள்ளும் பூவும் விட்டுவிட்டு வந்தால் ஒருவேளைச் சோறு, அதோடு சரி. இனிப்பு என்று வாய் திறக்கக்கூடாது.

ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டாவது தடவையும் வந்தால் மட்டும் விடிவு. முதலாவது அம்மாவுக்கு, இரண்டாவது எனக்கு என்று அச்சன் பங்கு பிரித்து வைத்திருந்தார். படகில் யாராவது வயசு கேட்டால், பாயசக் கணக்கில் தனக்கு இன்னும் ஐந்துகூட ஆகவில்லை என்பார்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அப்படி வாய்த்தது. முதல் அவிட்டத்தன்று பேசாமல் திவசத்தை முடித்தார். அடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சே சாப்பாட்டைப் பற்றித்தான். அவியலில் முருங்கைக்காய் வேண்டுமா வேண்டாமா என்று அச்சனும் அம்மாவும் போட்ட சண்டையைப் படகில் வருகிறவர்கள்கூடத் தெரிந்துவைத்திருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொல்லி, கடைசியில் முருங்கைக்காயே ஜெயித்தது.

அந்த நாளும் வந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அச்சன் குளித்து, சந்தனம் இட்டுக்கொண்டு, விளக்குக்கு முன்னால் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறந்தநாள்காரர் கை நனைக்காமல் மற்றவர்கள் சாப்பிடக்கூடாது. அடைப் பாயசத்தின் வாசனையில் எனக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.

அம்மா முதலில் கணபதிக்கு ஓர் இலை போட்டாள். கறிகள் வைத்த தன் இலையில் அச்சன் கை வைக்கப் போகும்போது அப்பச்சி வந்து இறங்கினாள். அப்பச்சி என்றால் அச்சனின் ஒரே அக்கா தாட்சாயணி. தாயில்லாப் பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவள். கையில் எள்ளுப் பொட்டலத்தோடு நின்றாள். மாதத்தில் இரண்டு வந்தால் பின்னால் வருவதுதான் கணக்காம், அவள் ஊர் ஜோசியர் சொன்னாராம். முன்பு செய்த திவசம் செல்லாது, இன்றைக்குத்தான் செய்யவேண்டும், இந்தப் பாயசத்தை எடுத்து உள்ளே வை என்றாள்.

அம்மாவுக்கு மூக்கு விடைத்தது. போன தடவை இரண்டு வந்தபோது இந்த ஜோசியர் எங்கே போயிருந்தார் என்று கேட்டாள். அப்பச்சி அச்சன் பக்கம் திரும்பி, பெற்றவளைவிட உனக்கு அடைப் பாயசம் பெரிசா என்றாள். அந்த நேரத்தில் எனக்கு அப்பச்சியைக் கண்டாலே ஆகவில்லை.

அச்சன் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். கோபப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு கிடைக்காத பையனைப் போல அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"சேச்சி, நீ சொன்னா எந்திரிச்சிடுறேன். எத்தனையோ வருஷம் எந்திரிச்சவன்தானே. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அம்மா என்னைப் பாத்தாளா, பாக்காமலே போயிட்டாளா?"

இதை அவர் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை. அந்த நாளைப் பற்றி அப்பச்சியிடம் பேசவே எல்லோருக்கும் பயம். அப்பச்சி எள்ளுப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள்.

"பாக்காம என்னடா? காலைலேருந்து சாயந்திரம் வரைக்கும் உன்னை மடியிலேருந்து இறக்கல. நீ விடாம குடிச்சிட்டே இருந்தே. அவளுக்கு ஒரே சிரிப்பு. என்னைக் கூப்பிட்டு, 'இவன் பசி தாங்கமாட்டான்டி, பாத்துக்கோ'ன்னா."

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது. பிறகு ஈரப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அம்மா கையிலிருந்த கரண்டியை வாங்கினாள். இலையில் அவள்தான் சோறு போட்டாள், அவள்தான் பருப்பு ஊற்றினாள். போதும் என்று அச்சன் கையால் மறித்தபோது அந்தக் கையில் ஓர் அடியும் போட்டாள்.

அச்சன் சிரித்துக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே நான்கு தடவை சோறு வாங்கினார். இடையிடையே, "இன்னொரு தரம் சொல்லு சேச்சி, அம்மா எப்படிச் சிரிச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பச்சியும் சலிக்காமல் முதலிலிருந்து சொன்னாள்.