ஆர்ஜியா கையெழுத்துப் போடவில்லை

இத்தாலியில், ஃபெராராவுக்குக் கிழக்கே, போ நதிச் சமவெளியில், கூலியாட்களின் சங்கம் வைத்திருந்த முறைப்பட்டியலைத் தாண்டி எந்தப் பண்ணையாரும் ஓர் ஆளைக்கூட வயலில் இறக்க முடியாது என்றிருந்த காலம் அது. அந்தப் பட்டியலை வைத்திருந்தவள் ஆர்ஜியா பொன்ஃபாத்தி. கணவனை முதல் உலகப் போரில் பறிகொடுத்தவள். பிள்ளைகுட்டிக்காரர்களுக்கு முதலில், தனிக்கட்டைகளுக்குப் பிறகு என்று அவள் வேலையைப் பிரித்ததில் யாரும் குறை சொன்னதில்லை, ஒருவனைத் தவிர.

அவன் அவளுடைய கொழுந்தன் எர்மெத்தே. அதே போரில் அவன் பதுங்குகுழியில் கிடந்தபோது, ஜெயித்து வந்தால் நிலம் தருகிறோம் என்றார்கள். ஜெயித்து வந்தான். நிலம் வரவில்லை, விலைவாசிதான் ஏறியது. கடைசியில் பண்ணையாரிடம் ஒரு துண்டு நிலத்தை, விளைச்சலில் பங்கு தருவதாகச் சொல்லி, வாரத்துக்குப் பிடித்தான். 1920 கோடையில் சணலை அறுத்துக் குட்டையில் ஊறப்போடச் சங்கத்து ஆட்களைக் கூப்பிடாமல், தானும் மனைவியுமாக இறங்கிவிட்டான்.

சங்கம் கூடியது. "நம்ம வீட்டு ஆளுன்னு விட்டா நாளைக்குப் பண்ணையார் நம்மள மதிப்பானா?" என்று முதலில் கை தூக்கியவள் ஆர்ஜியாதான். அன்றிலிருந்து அவன் குடும்பத்தோடு யாரும் பேசக்கூடாது. ரொட்டிக்கடைக்காரர் அவர்களுக்கு ரொட்டி தரக்கூடாது. நாற்பது நாள் அப்படியே நடந்தது. பிறகு பண்ணையார் வீட்டிலிருந்து அவனுக்கு ரொட்டி போனது. பின்னாலேயே, பண்ணையார்களுக்கு அடியாள் வேலை பார்த்த ஃபாசிஸ்டுகளின் கறுப்புச் சட்டை ஒன்றும் போனது.

அடுத்த மார்ச்சில், பட்டப்பகலில் கறுப்புச் சட்டைக்காரர்களின் லாரி வந்தது, எர்மெத்தேயும் அதில் இருந்தான். ஆர்ஜியா உள்ளே இருக்கும்போதே சங்கக் கட்டடத்தின் கதவை உடைத்தார்கள். அவர்களின் தலைவன் நகரத்து வக்கீல் மகன். சங்கம் முழுதும் ஃபாசிஸ்டுகளின் புதுச் சங்கத்தில் சேர்வதாக எழுதிய காகிதத்தை நீட்டினான். ஆர்ஜியா கையெழுத்துப் போட்டால் ஊரே பின்னால் வரும் என்று அவனுக்குத் தெரியும்.

"போட்டுடு அண்ணி," என்றான் எர்மெத்தே. "அங்கயும் பட்டியல் உன்கிட்டதான் இருக்கும்."

"யாருக்கு வேலைன்னு யாரு சொல்லுவா? நானா, பண்ணையாரா?"

அவன் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினான்.

"அப்புறம் எதுக்குடா பட்டியல்? அவன் வீட்டு வாசல் பெருக்கவா?"

"நாப்பது நாள் என் புள்ளைக்கு ரொட்டி இல்லாமப் பண்ணினியே, அப்ப எங்க போச்சு உன் நியாயம்?"

அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஊராரைப் பார்த்துச் சொன்னாள்: "தப்புதான். முதல்ல அவன்கிட்டப் போய் பேசியிருக்கணும். புள்ளை வயித்துல அடிச்சது என் தப்பு. அதுக்காகச் சங்கத்து நானூறு பேரை வித்துட முடியாது."

"அம்மாவுக்குத் தொண்டை வறண்டு போச்சு போல," என்று வக்கீல் மகன் சிரித்தான். எதிர்ப்பவர்களுக்குப் பேதியாகும்படி வலுக்கட்டாயமாகப் புகட்டவென்றே கொண்டுவந்த விளக்கெண்ணெய்ப் புட்டியை எர்மெத்தேயின் கையில் திணித்தான். "ஊத்துடா!"

எர்மெத்தே அவள் பக்கம் குனிந்தான். "அண்ணி, போட்டுடேன்."

அவள் புட்டியைப் பிடுங்கினாள். பாதிவரை தானே குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "மருந்துக்கடையிலேயே கிடைக்குமே தம்பி, இதுக்கா லாரி வச்சு வந்தீங்க?" என்றாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்காகவே இன்னும் இரண்டு புட்டிகளை அவள் வாயில் ஊற்றினார்கள்.

நான்கு நாள் படுத்துக் கிடந்தாள். மே மாதத்துக்குள் ஊரில் பெரும்பாலோர் புதுச் சங்கத்துச் சீட்டை வாங்கிவிட்டார்கள். சீட்டு இல்லாதவர்களுக்கு வேலை இல்லை என்றானதால் அவர்களைப் பசி தள்ளியது. அவள் அவர்களைத் திட்டவில்லை.

களையெடுப்பு தொடங்கிய திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் எடுக்கும் சதுக்கத்தில் மண்வெட்டியோடு வந்து நின்றாள்.

"சீட்டு?" என்றான் மேஸ்திரி.

"இல்ல."

"பின்ன எதுக்கு வந்து நிக்கிற?"

"வேலைக்கு."

அவளை விட்டுவிட்டு மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனான். செவ்வாய்க்கிழமையும் வந்து நின்றாள். புதன்கிழமை அவள் பக்கத்தில் இன்னும் இரண்டு பெண்கள் சீட்டில்லாமல் நின்றார்கள்.