ஷிப்ட் பட்டியலை நான் அழித்த கதை

நாலாம் வகுப்பு படிக்கும்போதே ஒரு கம்பெனியைப் பத்து நிமிடம் ஆட்டிவைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் தங்கியிருந்த சித்தி, ஓசூர் தொழிற்பேட்டையில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சனிக்கிழமை பள்ளி விட்டதும் நான் அங்கே போய்விடுவேன். செருப்பை வெளியே விட்டுத்தான் அந்த ஏசி அறைக்குள் நுழைய வேண்டும்.

அன்று சித்தி திங்கட்கிழமை ஷிப்ட் பட்டியலை அடித்து முடித்தார். பிறகு அதே ஃப்ளாப்பியில் இருந்த ஐந்து கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு டீ குடிக்கப் போனார். ஆறாவது ஒன்று மிச்சம் நின்றது. சித்தி மறந்துவிட்டார் என்று நினைத்தேன். உதவும் குணம் எனக்கு அப்போதே உண்டு. அவர் தட்டிய கட்டளையையே நானும் தட்டினேன்.

திரும்பி வந்த சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. அதற்குள் கன்னடக்கார மேனேஜர் கதவைத் திறந்து, "ஆயித்தாம்மா?" என்று கேட்டார். முடிந்ததா என்கிறார். "அஞ்சு நிமிஷம் சார்" என்றார் சித்தி. பட்டியல் இல்லையென்றால் திங்களன்று யார் எந்த ஷிப்டுக்கு வருவதென்று ஒருவருக்கும் தெரியாது, சித்தியின் வேலையும் போய்விடும். எனக்கு அழுகை வந்துவிட்டது. நானே திரும்ப அடித்துத் தருகிறேன் என்று கீபோர்டில் கை வைத்தேன்.

"தொடாத கண்ணு. புதுசா எழுதினா அது மேலயே போய் உக்காந்துக்கும்."

"அதான் போயிடுச்சே சித்தி."

"பேருதான் போயிருக்கு. ரிஜிஸ்டர்ல பேர அடிச்சிட்டா ஆளு மாயமாவா போயிடுவாரு? மெஷின் பக்கத்துலயேதான் நிப்பாரு, அங்க வேற ஆள நிக்க வெக்கிற வரைக்கும்."

வேறொரு கட்டளையைத் தட்டினார். அழிந்த கோப்புகளின் பெயர்கள் முதல் எழுத்து மட்டும் இல்லாமல் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் மீட்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஐந்துக்கும் சித்தி வேண்டாம் என்று தட்டினார், கடைசி இரண்டுக்குச் சிரித்துக்கொண்டே. ஆறாவதுக்குச் சரி என்று அந்த முதல் எழுத்தையும் தட்டியதும் பட்டியல் முழுதாகத் திரும்பியது. எனக்கு கேண்டீனில் பஜ்ஜி கிடைத்தது.

இப்போது எனக்கும் கம்ப்யூட்டரோடுதான் பிழைப்பு. இன்றைய கோப்பு முறைகள் எதைச் செய்வதற்கு முன்பும் அதைக் குறித்து வைத்துக்கொள்கின்றன, நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடம் தெரியும். சித்தியின் ஃப்ளாப்பிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

அந்த ஐந்தும் ராஜினாமாக் கடிதங்கள் என்று சித்தியே பிற்பாடு சொன்னார். வேலையை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொள்ள ஊத்தங்கரைக்கு வரச்சொல்லி தாத்தா ஆள் அனுப்பும்போதெல்லாம் ஒன்று அடித்து வைத்தாராம். அவற்றை அழித்த பத்தாவது நிமிடமே, திரும்ப வேண்டுமா என்று கம்ப்யூட்டர் ஐந்து முறை கேட்டது. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல சித்திக்கு ஏன் சிரிப்பு வந்தது என்பது, பஜ்ஜியை நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அன்று தெரியாது.