பெரியம்மா சொன்ன சாட்சி

என் அப்பாவை நான் அப்பச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் இறந்த சில மாதங்களில் சித்தப்பா செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி மலாக்காவுக்கு வந்தார். காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றாமல் நுழைந்து, பளிங்குத் தரையையும் கூடத்துக் கண்ணாடி விளக்குகளையும் வாசலில் நின்ற காரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு என் அம்மாவைக் காட்டி, சமையலுக்கு இருக்கும் இந்தப் பெண் எப்போது காலி செய்யப்போகிறாள் என்று என்னிடமே கேட்டார்.

அம்மா சமையல்காரி அல்ல. அப்பச்சி தாலி கட்டி மணந்தவள். மலாக்காவிலேயே பல தலைமுறையாக வாழும் மலாக்கா செட்டி குடும்பத்துப் பெண்; அப்பச்சியின் செட்டியார் சாதி வேறு. அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். நடுநடுவே சில தமிழ்ச் சொற்கள் வரும், அவ்வளவுதான். அப்பச்சிக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார், எனக்குப் பெரியம்மா; அவருக்குப் பிள்ளை இல்லை. ஜப்பான்காரன் சண்டைக்கு முன்பு அம்மாவின் வீட்டில் நடந்த கல்யாணத்துக்கு அப்பச்சியின் சாதிக்காரர்கள் சிலர் வந்தார்கள், சாப்பிட்டார்கள், வெளியே போனதும் மறந்துவிட்டார்கள். ஊரறிந்த ரகசியமாகத்தான் நான் வளர்ந்தேன். அம்மாவிடம் மலாய், அப்பச்சியிடம் தமிழ்.

சித்தப்பா கெட்டிக்காரர். கல்யாணத்துக்கு வந்தவர்களில் உயிரோடிருந்த ஒவ்வொருவரையும் முதலில் போய்ப் பார்த்தார். அதன்பின் அவர்கள் எங்களைக் கண்டால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்கள். சுதந்திரம் வரப்போகிறது, வந்தால் நம்மவர் சொத்தெல்லாம் என்ன ஆகுமோ, இப்போதே விற்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார். வீட்டையும் குருபோங்கில் இருந்த ரப்பர் தோட்டத்தையும் விற்க அவருக்கு ஒன்றுதான் தேவைப்பட்டது. பெரியம்மா வந்து, தனக்குத் தெரிந்து கணவருக்கு வேறு மனைவி கிடையாது என்று வக்கீல் முன்னால் சொல்ல வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவரைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

அதற்குள் எங்களுக்கு ஒரு பேரமும் பேசியிருந்தார். செமாபோக்கில் ஒரு சின்ன வீடு தருகிறேன், சத்தமில்லாமல் போய்விடுங்கள் என்றார். மாமாக்கள் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அம்மா யோசிக்கக்கூட இல்லை. அந்த வீட்டை ஏற்றால் தன்னைச் சமையல்காரி என்று தானே ஒப்புக்கொண்டதாகும் என்றாள்.

பெரியம்மாவைச் செட்டியார்கள் தங்கும் கிட்டங்கியில் வைத்திருந்தார் சித்தப்பா. யாரும் பார்க்கக்கூடாது என்று உத்தரவு. சித்தப்பா வக்கீலைப் பார்க்கப் போன ஒரு காலையில், அம்மா தன் நல்ல மலாய்ச் சட்டையை, கெபாயாவை உடுத்திக்கொண்டாள். இருவரும் டிரைசா என்ற மூன்று சக்கர ரிக்‌ஷாவில் ஏறிப் போனோம். வாசலில் இருந்தவர் தடுத்தார். அம்மா அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

வெள்ளைச் சேலையில், பாயில் உட்கார்ந்திருந்தார் பெரியம்மா. அம்மாவை விடப் பெரிய உடம்பு, கூர்மையான கண்கள். எங்களை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. என் பெயரைக் கேட்டார். படிப்பைக் கேட்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, "கடைசியா அவுக என்ன சாப்பிட்டாக?" என்றார்.

நான் மலாயில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா காத்திருக்கவில்லை. "கஞ்சி," என்றாள். "நான் ஊட்டினது. ரெண்டு வாய்." அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அதில் செலவாகிவிட்டது.

பெரியம்மா பாயிலிருந்து எழுந்தார். போங்க, நாளைக்குப் பாக்கலாம் என்றார். திரும்பும் வழியில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. தோற்றுவிட்டோம் என்றே நினைத்தேன்.

மறுநாள் வக்கீல் எங்களையும் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். சித்தப்பா புதுச் சட்டையில் வந்திருந்தார். கூடவே கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட பெரியவர்கள் இருவர். வக்கீல் மரியாதையாகக் கேட்டார்: ஆச்சி, உங்கள் கணவருக்கு இங்கே வேறு மனைவி இருந்ததாக உங்களுக்குத் தெரியுமா?

"தெரியும்," என்றார் பெரியம்மா. "சண்டை முடிஞ்சு ஊருக்கு வந்தப்ப அவுகளே சொன்னாக. அழுதேன், பேசாம இருந்தேன், அப்புறம் பேசினேன். இந்தா நிக்கிறாளே, இவ என் தங்கச்சி. அது எங்க மக."

சித்தப்பாவின் முகம் வெளுத்தது. அண்ணி, ஊரில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று முணுமுணுத்தார்.

"சமையக்காரின்னு நீங்கதான சொன்னீக. ஒங்க நெஞ்சு எவ்வளவு தூரம் போகும்னு பாக்கத்தான் கப்பலேறினேன்." பிறகு பெரியவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்களும் அந்தக் கல்யாணத்துல சாப்பிட்டீகளாமே."

அவர்களில் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு, ஆமாம், நல்ல சாப்பாடு என்றார். வக்கீல் பேனாவை எடுத்தார். நான் ஒவ்வொரு வார்த்தையையும் அம்மாவின் காதில் மலாயில் சொன்னேன். தங்கச்சி என்ற சொல்லை மட்டும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும்.

வழக்கு நீதிமன்றம் வரை போகவே இல்லை. வீடும் தோட்டமும் அம்மாவுக்கும் எனக்கும், ஊர்ச் சொத்து பெரியம்மாவுக்கு என்று எழுதி முடித்தார்கள். தன் மகனைப் பெரியம்மாவுக்குச் சுவீகாரம் கொடுக்கலாம் என்று சித்தப்பா இன்னொரு கணக்கும் போட்டு வைத்திருந்தாராம். அதைப் பெரியம்மாவே சிரித்துக்கொண்டு எங்களிடம் சொன்னார். சித்தப்பா அடுத்த கப்பலில் தனியாகப் போனார்.

பெரியம்மா போகவில்லை. கிட்டங்கியிலிருந்து பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து, மாடியில் தெருவைப் பார்த்த அறையை எடுத்துக்கொண்டார். அம்மாவின் மிளகாய்ச் சம்பாலைச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணில் நீர் வழிய, இன்னும் கொஞ்சம் போடு என்பார். சுதந்திரம் வந்தபோது தெருவெல்லாம் கொடி. எல்லாவற்றையும் பார்த்தே ஆக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். காரை மெதுவாக ஓட்டச் சொல்லி ஊரைச் சுற்றினோம். வெள்ளைச் சேலையும் கெபாயாவும் பின்சீட்டில் பக்கத்தில் பக்கத்தில். வழியில் அந்தப் பெரியவர்களில் ஒருவர் நின்று கும்பிட்டார். பெரியம்மா கண்ணாடியை இறக்கி, வீட்டுக்குச் சாப்பிட வாங்க என்று அவரை அழைத்தார்.