வழியனுப்ப ஆள் வேணும் லா

பெண்கள் கழிப்பறையில் கை உலர்த்தும் பெட்டிக்கு முன்னால், வெரோனிகா கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். கை எப்போதோ காய்ந்துவிட்டது. ஆனாலும் மறுபடி நீட்டுகிறார். பெட்டி மறுபடி அலறுகிறது. பின்னால் காத்திருக்கும் சீனப் பெண்மணி தொண்டையைச் செருமுகிறார். "சோரி, சோரி" என்று ஒதுங்கி வெளியே வந்து, கணவர் செபாஸ்டியனிடம் தீர்ப்பைச் சொல்கிறார்: "இந்தக் கடை வேணாம்ங்க. பேய் மாதிரி கத்துது. பிள்ளைங்க பயந்துரும்."

காம்பாரில் அந்தக் கடைக் கோழிச்சோற்றைப் பற்றி ஊரே பேசும். வெரோனிகா அதை ருசிகூடப் பார்க்கவில்லை. அவருடைய சோதனையில் சாப்பாடு கடைசியில்தான் வரும். முதலில் கழிப்பறை, பிறகு வாசற்படி, அதற்குப் பிறகு மேசைகளுக்கு நடுவே சக்கர நாற்காலி போகுமா என்று தன் இடுப்பாலேயே அளந்து ஒரு நடை. எல்லாம் சரியென்றால்தான் கடைக்காரரிடம் பேச்சு. "அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் பேரு வருவோம் அண்ணே. சத்தம் போடுவோம், கொட்டுவோம், ரொம்ப சிரிப்போம். போலேயா, முடியுமா, முடியாதா, இப்பவே சொல்லிருங்க."

மலேசியாவில், ஈப்போ நகரின் புந்தோங்கில் பள்ளி வேன் ஓட்டுகிறவர் வெரோனிகா. ஐம்பதைத் தாண்டியவர், குள்ளம், கணீரென்ற குரல். வாரநாளில் பள்ளிப் பிள்ளைகள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் அந்த வேன், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்கு. அன்று அதன் பின்பக்கம் ஒரு சின்ன மளிகைக்கடை போல இருக்கும்: மாற்றுச் செருப்பு, துண்டு, வளையும் ஸ்ட்ரா, ஒரு மூட்டை காதடைப்பான். செபாஸ்டியன் கல் குவாரியில் வேலை செய்பவர். பாறைக்கு வெடி வைக்கும்போது காதில் மாட்டுகிற அந்த மஞ்சள் குமிழ்களில் பழசானதைக் கேட்டு வாங்கி, கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுப்பார். ஒலிபெருக்கிச் சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கு அது.

வண்டி ஓட்டும்போது வெரோனிகா எல்லாவற்றையும் முன்கூட்டியே உரக்க அறிவித்துவிடுவார். "இப்ப இடது பக்கம் திரும்பப் போறோம்... இப்ப ஒரு குழி வருது, குலுங்கும்." திடீரென்று நடப்பது எதுவும் அந்தப் பிள்ளைகள் சிலருக்கு ஆகாது. பழக்கம் தொற்றிக்கொண்டது. தேவாலயத்தில்கூட "இப்ப எந்திரிக்கப் போறோம்" என்று முணுமுணுக்கிறார் என்று செபாஸ்டியன் கேலி செய்வார்.

"உங்க பிள்ளையும் இப்படித்தானா?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். "எனக்கு ரெண்டு. ஒண்ணு சிங்கப்பூர்ல, ஒண்ணு பினாங்குல. ரெண்டும் போன் பண்ணா எடுக்காது. அதுங்களுக்கு என்னா சிறப்புத் தேவையோ, தெரியல லா" என்பார். ஒரு சொல்லை மட்டும் அவர் பொறுத்துக்கொள்ள மாட்டார். யாராவது பிள்ளைகளைப் பார்த்து "ஐயோ, பாவம்" என்று உச்சுக்கொட்டினால், "பாவத்த எல்லாம் ஃபாதர்கிட்ட போயி சொல்லுங்க. இங்க பிக்னிக் நடக்குது" என்று வாயடைத்துவிடுவார்.

இதெல்லாம் தொடங்கியது புஷ்பலதாவால்.

புஷ்பலதா சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது மகனோடு ஈப்போ அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தார். மகன் தனேஸ்வரனுக்கு அப்போது இருபது வயதிருக்கும். ஆறடி உயரம். ஆட்டிசம் உள்ளவர். பேச்சு அதிகம் வராது. பிடித்ததைக் கண்டால் கைதட்டிக் குதிப்பார். மனம் கலங்கினால் தலையை இரு கையாலும் பொத்திக்கொண்டு அலறுவார். தோட்டத்தில் எல்லாருக்கும் அவரைத் தெரியும். நான்காம் மாடியில் யாருக்கும் தெரியாது. மின்தூக்கியில் அவர் ஏறினால் மற்றவர்கள் இறங்கிக்கொண்டார்கள். புஷ்பலதா கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெரோனிகாவின் வேனை வாடகைக்குக் கேட்டார். "சும்மா ஊரச் சுத்திக் காட்டுங்கக்கா. இறங்க வேணாம். கண்ணாடி வழியா பாத்தாலே அவனுக்குப் போதும்."

வெரோனிகா ஓட்டினார். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார் தனேஸ்வரன். அவர் மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கும், தெளியும், மறுபடி மங்கும். ஒரு நாள் சிவப்பு விளக்கில் நின்றபோது வெரோனிகா அதைத் திரும்பிப் பார்த்தார். பச்சை விழுந்தது. "இறங்காம என்னா ஜாலான்-ஜாலான், என்னா ஊர்சுத்தல், புஷ்பா? இப்ப வலது பக்கம் திரும்பப் போறோம்" என்று சொல்லி, நைனா முகம்மதுவின் உணவுக்கடை முன்னால் வேனை நிறுத்தினார்.

நைனா முகம்மது தயங்கினார். "காலையில கூட்டம் தங்கச்சி. கஸ்டமருங்க பயந்து ஓடிட்டா?"

"ஓடட்டும் அண்ணே. உங்க ரொட்டிய விட்டுட்டு எம்புட்டுத் தூரம் ஓடுவாங்க?"

ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்கு நைனா முகம்மது தேநீரை ஆற்றத் தொடங்கினார். அந்த நீண்ட பழுப்பு விழுதைக் கண்டதும் தனேஸ்வரன் குதித்தெழுந்து கைதட்டினார். நாற்காலி தடாலென்று விழுந்தது. கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. புஷ்பலதா எழுந்துவிட்டார், போய்விடலாம் என்று. நைனா முகம்மது ஒரு கணம் யோசித்தார். பிறகு கையை இன்னும் உயர்த்தி மறுபடி ஆற்றினார். மறுபடி கைதட்டல். அடுத்த மேசைப் பெரியவரும் சேர்ந்து தட்டினார். அன்று அந்தத் தேநீர் ஐஸ் தண்ணீர் ஆகும்வரை ஆற்றப்பட்டது. யாரும் ஓடவில்லை.

பார்த்தவர்கள் சொல்லி, கேட்டவர்கள் வந்து, இன்று வேனுக்குப் பின்னால் நாலைந்து கார்கள் வரிசையாக வருகின்றன. ஏரி, பூங்கா, வெந்நீர் ஊற்று என்று எங்கே போனாலும் வெரோனிகா போட்ட சட்டம் ஒன்றே: எல்லாரும் சேர்ந்து போகணும், யாரையும் வேனில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

அந்தச் சட்டம் லூமுட் படகுத்துறையில் முட்டிக்கொண்டது.

பங்கோர் தீவுக்கு ஃபெரியில் போவது என்று திட்டம். எல்லாரையும்விட அதற்கு ஆசைப்பட்டவள் ஷெரில். பதினோரு வயது, சக்கர நாற்காலிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். அவள் அப்பா ஐவன் புதுத் தொப்பியெல்லாம் வாங்கிக் கொடுத்திருந்தார். வெரோனிகா முந்தின வாரமே வந்து கழிப்பறை, இருக்கை, இறங்குபாலம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனார். ஆனால் அவர் பார்த்தபோது கடல் நிறைந்திருந்தது. அன்று நீர் வற்றி, பாலம் செங்குத்தாகச் சரிந்து ஆடிக்கொண்டிருந்தது.

தனேஸ்வரன் பாலத்தில் ஒரு காலை வைத்தார். எடுத்தார். அப்படியே படகுத்துறைத் தரையில் உட்கார்ந்து தலையைப் பொத்திக்கொண்டு அலறினார். சுற்றுலா வந்தவர்கள் விலகி நின்றார்கள்; இரண்டு கைப்பேசிகள் உயர்ந்தன. வெரோனிகா காதடைப்பானை மாட்டிவிட்டு, பக்கத்தில் முட்டி போட்டு, "ஒண்ணும் இல்லப்பா, யாரும் இழுக்க மாட்டாங்க" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

புஷ்பலதாவின் முகம் கறுத்துப்போனது. "நாங்க வேன்லயே இருந்துக்கிறோம்கா. நீங்க எல்லாம் போங்க."

வெரோனிகா உலகத்திலேயே வெறுக்கிற வாக்கியம் அதுதான். "யாரும் போகல. இங்கயே பாய விரிங்க" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பியபோது ஷெரிலின் முகம் கண்ணில் பட்டது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஃபெரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகலாம் என்றால் ஒரு பிள்ளைக்குத் துரோகம், வேண்டாம் என்றால் இன்னொரு பிள்ளைக்கு. இதற்கு வெரோனிகாவிடம் சட்டம் இல்லை.

பாய்கள் விரிந்தன. நைனா முகம்மது கட்டிக்கொடுத்த மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலங்கள் பிரிந்தன. ஷெரில் நாற்காலியை உருட்டிக்கொண்டு தனேஸ்வரன் பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணன் இப்பதான் உக்காந்திருக்காரு. நான் பொறந்ததுலேருந்து உக்காந்திருக்கேன். நானா கத்துறேன்?" என்றாள். ஐவன் சிரித்துவிட்டார். புஷ்பலதாவும் சிரித்துவிட்டார். படம் எடுத்துக்கொண்டிருந்தவர் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஃபெரி ஊதியது. நீண்ட, கனத்த ஊதல். தனேஸ்வரன் தலையை நிமிர்த்தினார். அலறல் நின்றது. ஃபெரி விலகிப் போவதைக் கண்கொட்டாமல் பார்த்தார். பிறகு காதடைப்பானைக் கழற்றி, நெஞ்சு விரிய மூச்சிழுத்து, "பூ...ம்ம்" என்றார். அசல் ஃபெரியேதான். பிள்ளைகள் எல்லாம் கூடவே ஊதினார்கள்.

ஷெரில் வெரோனிகாவின் கையைச் சுரண்டினாள். "ஆன்ட்டி, அடுத்த ஃபெரில நாங்க போறோம். அண்ணன் இங்கேருந்து ஊதட்டும். வழியனுப்ப ஒரு ஆள் வேணும் லா."

வெரோனிகா அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இப்ப எல்லாரும் எந்திரிக்கப் போறோம்" என்றார். புஷ்பலதாவின் தோளைப் பிடித்துப் பாலத்தின் பக்கம் திருப்பினார். "நீயும் போ. அவன நான் பாத்துக்கிறேன்."

"ஐயோ, வேணாம்கா. நான் அவன விட்டுட்டுப் போனதே இல்ல."

"அதனாலதான் சொல்றேன். எல்லாரோடயும் போயிட்டு அடுத்த ஃபெரிலயே திரும்பி வா. அவன் இங்க வேல பாக்கப் போறான்."

துறை ஆட்கள் இருவர் ஷெரிலை நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். அவள் ராணி மாதிரி தொப்பியை ஆட்டினாள். புஷ்பலதா கடைசி ஆளாக, மூன்று முறை திரும்பிப் பார்த்துவிட்டு ஏறினார். ஃபெரி கிளம்பியபோது தனேஸ்வரன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊதினார். படகோட்டிக்குக் கேட்டிருக்க வேண்டும், பதிலுக்கு ஊதினார். தனேஸ்வரன் குதித்த குதியில் துறைப் பலகைகள் அதிர்ந்தன.

வெரோனிகா பக்கத்திலேயே நின்றார். தனேஸ்வரன் கேட்காமலே, கேட்பது போல அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். "அம்மா இப்ப தீவுல இறங்கியிருப்பாங்க... இப்ப திரும்ப ஏறுவாங்க." நடுநடுவே வந்துபோன ஒவ்வொரு படகுக்கும் ஊதல் போனது. மீன்பிடிப் படகொன்றில் இருந்தவர் தன் ஓலைத் தொப்பியைக் கழற்றிக் காட்டிவிட்டுப் போனார்.

ஃபெரி திரும்பியது. முன்பக்கக் கம்பியோரம் புஷ்பலதா நின்றிருந்தார், இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு. தனேஸ்வரன் ஊதினார், ஃபெரி ஊதியது, ஷெரில் அதைவிடச் சத்தமாக ஊதினாள். பாலம் ஏறி வந்த புஷ்பலதாவுக்கு மூச்சு வாங்கியது. கொண்டை அவிழ்ந்து, கடல்காற்றில் தலைமுடி நாலாபக்கமும் பறந்துகிடந்தது. முகமெல்லாம் உப்பும் சிரிப்புமாக இருந்தது. மகனின் தோளைத் தொட்டுவிட்டு, சுற்றிலும் ஆட்கள் நிற்பதைப் பார்த்து, கூச்சத்தோடு கையை உயர்த்தி முடியை ஒதுக்கப் போனார்.

வெரோனிகா அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.