காதில் பஞ்சு வைத்திருந்தவர்

ராஜபாளையத்தில் நான் குடியிருந்த மாடிக்குக் கீழ்வீட்டுக்காரர் நூல் மில்லில் இரவு ஷிப்ட் பார்த்தார். ஒல்லியான மனிதர். புருவத்தில் பஞ்சுத் தூசி இருக்கும். காதிலும் எப்போதும் பஞ்சு இருக்கும். மில் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். படியில் எதிர்ப்பட்டால், என் வயலின் பெட்டி இடிபடாதபடி சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவார்.

வானொலித் தேர்வுக்காகத் தோடி ராகத்தில் ஒரே பிடியை மாதக்கணக்கில், காலையிலிருந்து மத்தியானம் வரை சாதகம் செய்துகொண்டிருந்தேன். "என் வாசிப்பால ஒங்க தூக்கம் கெடுதா அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மில்லு சத்தத்துக்கு இது எம்புட்டோ தேவல. நீங்க வாசிங்க தம்பி."

அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணக் கச்சேரிக்காகக் காலை ரயிலைப் பிடிக்கப் போனேன். ஸ்டேஷன் பெஞ்சில், துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ரயில் சத்தத்தில் விழித்தவர் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"இன்னிக்கு வெளியூரா தம்பி? அப்போ நான் வீட்லயே போய்ப் படுத்துக்கிடுதேன்."

சொல்லிக்கொண்டே காதுப் பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவு அகலமான பிளாட்பாரத்திலும் என் வயலின் பெட்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நடந்தார்.