கதவு இருந்த சுவர்

நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம், எங்கள் வீட்டில் இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டு நடுவில் என்னை ஓட விட்டார்கள். ஒருவர் என் அப்பா. இன்னொருவர் அவருடைய அண்ணன், என் பெரியப்பா. இன்று நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே தென்னந்தோப்புக்குள் இருந்த அந்தப் பழைய வீட்டை அப்போதுதான் பாகம் பிரித்திருந்தார்கள். மோட்டார் தண்ணீர் முறையில் தொடங்கிய சண்டை என்பாள் அம்மா. அதற்கும் முன்னால் தொடங்கியது என்பாள் பெரியம்மா. எப்படியோ, கிழக்குப் பாதி அவர்களுக்கு, மேற்குப் பாதி எங்களுக்கு என்று ஆயிற்று. நடுச்சுவரில் இருந்த கதவைப் பெயர்த்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அண்ணன் தம்பி பேச்சும் அதோடு நின்றது.

அந்த இடம் செங்கலாகவே கிடந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். பெரியப்பா மகளைப் பெண் பார்க்கச் சித்தூர்ப் பக்கமிருந்து வருகிறார்கள் என்று சேதி வந்ததும்தான் வினை பிடித்தது. நல்ல இடம். மாப்பிள்ளையின் படத்தை அக்கா பெரியம்மாவின் போனில் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் அண்ணன் தம்பி முறைத்துக்கொண்ட வீட்டில் பெண் எடுக்க எங்கள் பக்கத்தில் யோசிப்பார்கள். நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்குச் சித்தப்பன் வந்து நிற்பானா என்று கேட்பார்கள். கூடத்தில் உட்கார்ந்ததும் எதிரே புதுச் செங்கல் தெரிந்தால் கேட்கவே வேண்டியதில்லை, எழுந்து போய்விடுவார்கள்.

"அன்னிக்கி ஒரு நாளைக்குச் செங்கல எடுத்துட்டாப் போச்சுங்களே அப்பா?" என்றேன்.

"அது வேற, இது வேற. போ அம்மிணி" என்றார் அப்பா.

கதவு இருந்த தடமே தெரியாமல் இரண்டு பக்கமும் பூசிவிடுவது என்று முடிவாயிற்று. அந்த முடிவை அந்தப் பக்கம் கொண்டு போய்ச் சொல்லி, சம்மதத்தை இந்தப் பக்கம் கொண்டு வந்தது நான்தான். கொத்தனாரைக் கூப்பிட்டால் பொழுது சாய்வதற்குள் டீக்கடை முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் பிறந்ததிலிருந்து ஒரு பொந்தைக்கூட அடைத்திராத அந்த இரண்டு பேரும் தாங்களே பூச்சுக் கரண்டியைக் கையில் எடுத்தார்கள்.

முதலில் சிமெண்ட் பூசினார்கள். காய்ந்ததும் வெள்ளை வேட்டியில் சாம்பல் துணியை ஒட்டுப் போட்டதுபோல நின்றது. சுரண்டி எடுத்தார்கள். பழைய சுவர் சுண்ணாம்புக் காரை என்று அப்புறம்தான் நினைவு வந்தது. சுண்ணாம்பு குழைத்துப் பூசினார்கள். அது பால் வெள்ளையாக நின்றது. பழைய சுவரோ மஞ்சள் ஏறிப்போனது. மறுபடியும் சுரண்டல். அடுத்த தடவை செம்மண்ணைக் கரைத்துச் சேர்த்ததில் நிறம் வந்துவிட்டது. நான் கை தட்டப் போனேன். அப்பா உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "வழவழன்னு இருக்குதே" என்றார். பழைய பூச்சில் பெருமணல் மணி மணியாகக் கையில் தட்டுப்படும். இதில் தட்டுப்படவில்லை. அவ்வளவுதான், மறுபடியும் சுரண்டல். வீடு முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. அம்மா தினமும் சோற்றுப் பானையை மூடி மூடியே சலித்துப் போனாள்.

போதாததற்கு ஈரம் வேறு. அடைத்தது ஒற்றைச் செங்கல். பெரியப்பா அவர் பக்கம் தண்ணீர் அடித்தால் எங்கள் பக்கம் ஊறும். எங்கள் பக்கம் பூசினால் அவர் பக்கம் பொரிந்து கொட்டும். ஒருவர் பூசிக் காயவிட்ட பிறகுதான் மற்றவர் தொட முடியும். இதை இரண்டு பேரும் வாயைத் திறந்து பேசினால் ஒரு நிமிட வேலை. பேசுவார்களா?

"ஈரம் காஞ்சிருச்சான்னு உங்க பெரியப்பன்கிட்டக் கேட்டுட்டு வா."

நான் முன்வாசல் வழியாக இறங்கி, மாட்டுக் கொட்டாயைச் சுற்றி, அவர்கள் வாசல் வழியாக ஏறிப் போய், "காஞ்சிருச்சுங்களான்னு அப்பா கேக்கறாருங்க" என்பேன். என் அப்பா கேட்டது சுவர் வழியாகவே அவர் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, "நாளைக்கிச் சாயங்காலம் ஆகும்னு உங்கொப்பன்கிட்டச் சொல்லு" என்பார். நான் திரும்பிச் சுற்றி வருவேன். அப்பாவும் எதுவும் கேட்காதவர்போல நின்று, நான் சொன்ன பிறகு தலையாட்டுவார். கடைசியில் ஈரச் சாக்கை ஒற்றி எடுத்து அப்பாவும், தேங்காய் நாரால் தேய்த்துப் பெரியப்பாவும் மணலை மேலே கொண்டுவந்தார்கள். சுவர் ஒருவழியாகச் சேர்ந்தது.

பெண் பார்க்க வந்தார்கள். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா எங்கள் பக்கத்துச் சமையலறையில் பஜ்ஜி சுட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சுவரைத் திரும்பியே பார்க்கவில்லை. பெரியம்மா தட்டு நிறையக் காப்பியோடு வந்தபோது, மாப்பிள்ளையின் அத்தை, "உங்க ஓரகத்தியக் காணமுங்களே?" என்று கேட்டாள்.

"அந்தப் பக்கம் பலகாரம் சுட்டுட்டு இருக்கறாளுங்க. இருங்க, கூட்டிட்டு வந்தர்றேன்" என்று முகத்தை அத்தையின் பக்கம் திருப்பியபடியே, பெரியம்மா தட்டோடு விறுவிறுவென்று நடந்து நேராகச் சுவரில் போய் மோதினாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து நடந்த வழி, கால் தானாகப் போய்விட்டது. சத்தம் கேட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து அம்மா, "இதா வந்துட்டனுங்க அக்கா!" என்றாள். அவளும் எழுந்து ஓடி வர, கொலுசுச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது எல்லோருக்கும் கேட்டது.

பழைய சுவரில் விழுந்த காப்பி வழிந்து இறங்கிவிட்டது. புதுப் பூச்சோ உறிஞ்சிக் குடித்தது. கோடு போட்டதுபோலக் கதவின் ஓரம் கருகருவென்று தெரிந்தது. அக்கா அழத் தொடங்கினாள்.

அத்தை எழுந்து வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லாத்தானுங்க பூசியிருக்கறீங்க. எங்க ஊட்ல பீரோவ வெச்சு மறச்சிருக்கறோம்" என்றாள். மாப்பிள்ளையின் அப்பா சட்டென்று தரையைப் பார்த்தார். முதலில் சிரித்தது பெரியப்பா. அடுத்து அப்பா. சிரித்த வேகத்தில் ஒருவரையொருவர் பார்த்தும்விட்டார்கள். அன்றைக்கே அக்காவுக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து நான் கொட்டாயிலிருந்து கடப்பாரையை இழுத்துக்கொண்டு வந்தேன். "அத எதுக்கு எடுத்துட்டு வர்றே? கலியாணத்துக்கு ஊரே வரும். மறுக்காப் பூசோணும்" என்றார் பெரியப்பா. எனக்கு அந்தக் கடப்பாரையை அங்கேயே போட்டு உருண்டு புரண்டு அழலாம்போல இருந்தது.

இந்தத் தடவை அவசரமே காட்டவில்லை. காயவிட்டுக் காயவிட்டுப் பூசினார்கள். என் ஓட்டமும் அதிகமாயிற்று. மணல் மீதி இருக்கிறதா என்று கேள். முதுகு வலி எப்படி இருக்கிறது என்று கேள். தோப்பில் காய் போட ஆள் வந்தானா என்று கேள். "உங்கொப்பன் சாப்புட்டானான்னு கேட்டுட்டு வா" என்று ஒரு நாள் பெரியப்பா அனுப்பினார். சாப்பாட்டுக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

கல்யாணத்துக்குள் சுவர் அப்படியே ஒட்டிப்போயிற்று. தண்ணீரை ஊற்றிப் பார்த்தாலும் தடம் தெரியவில்லை. அக்கா சித்தூருக்குப் போய்ச் சேர்ந்தாள். வந்த சொந்தமெல்லாம் கிளம்பிய பிறகு ஒரு மத்தியானம், அப்பா சாப்பிட்ட கையோடு சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். எங்கேயும் குறை இல்லை. என்னைக் கூப்பிட்டார்.

"என்னங்க அப்பா?"

சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல அம்மிணி. போய் வெளையாடு" என்றார்.

சொல்லி அனுப்ப அவரிடம் ஒரு சாக்கும் மிச்சமில்லை என்பது அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்? விட்டது சனி என்று தோப்புக்கு ஓடிவிட்டேன்.